கட்டுரையும் அருளுரையும்: பிலேமோன் நிருபத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இறையியற் கல்லூரியில் முதலாண்டில் சேரும் மாணாக்கர் கட்டுரை இன்னதென்று அறியாதவர் அல்லர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று உறுப்புகளைப் பள்ளியிலேயே பயின்றவர்கள். ஆலயத்திலும் வாலிபர் கூட்டங்களிலும் அருளுரை ஆற்றிய பழக்கமும் பலருக்கு உண்டு. இவ்விரு பழக்கங்களுமே அவர்தம் கட்டுரைக்குத் தடையாகிவிடுகின்றன. பள்ளிக் கட்டுரை, முன்பே அறிந்ததை ஒழுங்குபடுத்திக் கூறுவது. அருளுரை, விசுவாசிகளை விசுவாசத்தில் நிலைநிறுத்துவது. இறையியற் கட்டுரையோ ஒரு வினாவை எழுப்பி, சான்றுகளைச் சீர்தூக்கி, அவை இடங்கொடுக்கும் அளவிற்கு மட்டுமே விடை கூறுவதாகும்.

பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை எடுத்துக்கொள்வோம். இருப்பவை 25 வசனங்களே. 'பிலேமோன் நிருபத்தில் மன்னிப்பு' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கும் மாணாக்கர், ஒநேசிமு தன் எசமானனின் பொருளைத் திருடிக்கொண்டு ஓடிப்போன அடிமை என்று முன்னுரையிலேயே எழுதிவிடுவார். அவ்வாறே நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். நிருபத்தில் இது எந்த வசனத்தில் உள்ளது? இவ்வாறு கேட்ட கணத்திலேதான் கட்டுரை பிறக்கிறது. தலைப்பு வேறு, வினா வேறு. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் பத்துப் பக்கம் எழுதியும் எங்கும் சென்று சேரார். 'ஒநேசிமு திருடிக்கொண்டு ஓடியவன் என்பதற்கு நிருபத்தில் சான்று உண்டா?' என்று வினாவை அமைத்துக்கொண்டவருக்கு வழி தெரிந்துவிடும்.

அடுத்த பணி, விளக்கவுரை நூல்களைத் திறக்குமுன் நிருபத்தையே நான்கைந்து முறை வாசித்துச் சான்றுகளைத் தனித்தனித் தாள்களில் குறித்துக்கொள்வது. 15-ஆம் வசனம் அவன் சிறிது காலம் பிரிந்திருந்ததைக் கூறுகிறது, ஓடிப்போனதாகக் கூறவில்லை. 18-ஆம் வசனம் அவன் அநியாயம் செய்திருந்தால், அல்லது கடன்பட்டிருந்தால் என்று நிபந்தனையாகப் பேசுகிறது. இருவரும் அறிந்த குற்றத்தை நயமாகச் சுட்டும் முறையாக அது இருக்கலாம். வெறும் ஊகமாகவும் இருக்கலாம். 11-ஆம் வசனம் அவனை முன்பு பயனற்றவன் என்கிறது. ஆனால் ஒநேசிமு என்ற பெயரின் பொருளே 'பயனுள்ளவன்' என்பதாகும். சொல் விளையாட்டைக் குற்றத்திற்குச் சான்றாக்க இயலாது.

இதன் பின்னரே அறிஞரைக் கேட்க வேண்டும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் கிறிசோஸ்தோம் ஒநேசிமுவைத் திருடி ஓடியவனாகவே கொண்டார். 1985-இல் பீட்டர் லாம்பே என்னும் ஜெர்மானிய அறிஞர் வேறொரு விளக்கம் தந்தார். எசமானனோடு பிணக்கு நேர்ந்த அடிமை, பரிந்து பேசும்படி எசமானனின் நண்பரை நாடிச் சென்றால் அவனைத் தப்பியோடியவனாகக் கருதலாகாது என்று உரோமச் சட்ட அறிஞர் கூறியுள்ளனர். ஒநேசிமுவும் அவ்வாறே பவுலை நாடியிருக்கலாம் என்பது அவர் கருத்து. அடிமையின் எசமானன் பிலேமோன் அல்லன், அர்க்கிப்பே என்று ஜான் நாக்ஸ் 1935-இல் எழுதிய நூல் சுவையானது. எனினும் நம் வினாவிற்கு அது விடையாகாது. ஆதலால் விட்டுவிட வேண்டும். படித்தவற்றை எல்லாம் எழுத விரும்புவோருக்கு இது கடினமான பாடம்.

இஃது ஏட்டளவான நுணுக்கம் என்று எண்ண வேண்டா. 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், தனி மனிதரின் செயலை ஆராயாமல் முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. அத்தகைய நினைவுள்ள மக்கள் அமர்ந்திருக்கும் சபையில், சான்று தேடாமல் ஓர் அடிமையைத் திருடன் என்பது சிறிய செய்தி அன்று. இன்றைய கட்டுரையே நாளைய அருளுரைக்கு மூலப்பொருள்.

திருட்டைப் பற்றிப் பேசுகையில் மற்றொன்றும் கூறவேண்டும். ஆங்கில விளக்கவுரையின் பத்திகளைத் தமிழாக்கித் தம் கருத்தாகவே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மொழி மாறியதால் உடைமையும் மாறிவிட்டதாக எண்ணுகின்றனர் போலும்! ஒநேசிமுவின் மீதாவது ஐயமே. இங்கோ சான்று கையிலேயே இருக்கிறது.

சான்றுகள் திரண்டபின் தாள்களை வரிசைப்படுத்தினால் பொருளுரையின் அமைப்பு தானே தோன்றும். ஒரு பத்திக்கு ஒரு கருத்துப் போதும். தம் விடைக்கு மாறான சான்றை மறைக்காமல், அதன் வலிமை முழுவதையும் எடுத்துரைக்க வேண்டும். கிறிசோஸ்தோமின் கருத்தை ஒரே வரியில் தள்ளிவிடுவது முறையன்று. பவுலின் கிரேக்கத்தைத் தம் தாய்மொழியாக வாசித்தவர் அவர். முடிவுரையில் புதிய செய்தி வேண்டா; 'திருட்டு கூடும், ஆயினும் நிறுவப்படவில்லை' என்பதே முடிவாயின் அதனைத் துணிந்து எழுதலாம். முன்னுரையை இறுதியில் எழுதுவதே எளிது, கட்டுரை எங்குச் சென்றது என்பது அப்பொழுதுதான் தெரியும். பின்னர் ஒருநாள் விட்டு, உரக்க வாசித்து, பிரசங்கத் தொனி ஒலிக்கும் இடங்களை அடித்துவிட்டுப் படியெடுக்க வேண்டும்.