பிங்க் ஜெர்சிக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். இந்த விழிப்புணர்வுக்காக நடிகர் மிலிந்த் சோமன் 2012-ல் மும்பையில் தொடங்கிய ‘பிங்கத்தான்’ பெண்கள் ஓட்டம் அடுத்த ஆண்டே டெல்லிக்கு வந்துவிட்டது. பெண்கள் கால்பந்தும் தலைநகருக்குப் புதிதல்ல. சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்த கோல்கீப்பர் அதிதி சவுகான், 2015-ல் லண்டன் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்கே ஆடப் போனவர். உள்ளூர்ப் பெண்கள் அணி ஒன்று பிங்க் ஜெர்சி போட்டுக்கொண்டு இதே விழிப்புணர்வுக்கு நிதி கேட்டு வந்தால் என்னென்ன கேள்விகள் எழும்?

பந்து மார்பில் பட்டால் புற்றுநோய் வருமா?

வராது. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படும். உடனே அடியையும் கட்டியையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். பலமாக அடிபட்டால் உள்ளே கொழுப்புத் திசு சிதைந்து இறுகிப்போவதும் உண்டு. அது புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று வீட்டில் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவால் நோய் வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மாறாக, ஓடியாடி விளையாடுகிறவர்களுக்கு ஆபத்து ஓரளவு குறைகிறது. மகளை மைதானத்துக்கு அனுப்பலாம்.

விழிப்புணர்வுக்கு எதற்குப் பணம்? நோயாளிக்கே கொடுத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. இந்தியாவில் 2022-ல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. 98,000 பேர் இறந்தார்கள் என்கிறது உலகளாவிய புற்றுநோய் மதிப்பீடு. முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது இத்தனை சாவுகளுக்கு ஒரு பெரிய காரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இதற்குப் பெரிய மெஷின்தான் வேண்டும் என்பதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதனை செய்தார்கள். விரல்களின் உட்பக்கத்தால் சிறு வட்டமாக அழுத்தி, அக்குள் வரை விடாமல் தேட வேண்டும். அவசரப்பட்டால் சின்னக் கட்டி தப்பிவிடும். 2021-ல் வெளியான முடிவு: நோய் முன்னதாகவே பிடிபட்டது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, காசு போக வேண்டிய இடம் பயிற்சி. அதைவிட முக்கியமாக, கட்டி தட்டுப்பட்ட பிறகான அலைச்சல். எய்ம்ஸ் ஓ.பி. வரிசையில் ஒரு நாள் நின்றால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய சம்பளம் போச்சு. மேமோகிராம் ஒரு நாள், பயாப்சி ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள். கூடப் போக ஆளும் பஸ் செலவும் இல்லாமல், பரிசோதனை முகாமில் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரிப்பனும் பலூனும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

யாரை நம்பிக் கொடுப்பது?

கியூஆர் கோடு வீராங்கனை ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, பதிவுபெற்ற அமைப்பின் கணக்குக்கா என்று பாருங்கள். மைதான வாடகை, ஜெர்சி போக மிச்சம் எவ்வளவு, யாரிடம் சேரும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ‘80ஜி’ வரிச்சலுகை வேண்டுமானால் ரசீது அவசியம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது; புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

பயாப்சி எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. இந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கட்டி இருக்கிறது, வலி இல்லை. முகாம் வரும்வரை பொறுக்கலாமா?

கூடாது. மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், ரத்தம் கசிந்தாலும், தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிந்தாலும் உடனே கிளம்புங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசின் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.