குழாய் வழியாகப் பசியாறல்

தோட்ட மக்களுக்குக் குழாய் என்றால் லயத்து முனையில் நிற்கும் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். இந்த வாரம் நான் எழுத வந்திருப்பது வேறொரு குழாயைப் பற்றி. மூக்கு வழியாகப் போட்டு வயிற்றுக்குப் பால் இறக்குகிறார்களே, அந்தக் குழாய். அதைக் கண்டாலே நம்மவர்கள், "இனி அவ்வளவுதான்" என்று கையை விரித்து விடுகிறார்கள். என் பெரியக்காவும் அப்படித்தான் சொன்னார். அவர் பட்ட பாட்டையே எழுதுகிறேன். யாராவது ஒரு வீட்டுக்குப் பயன்படட்டும்.

அக்காவுக்கு வயது 58. பேராக்கில் ஒரு தோட்டத்தில் முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். பதினாறு வயதிலிருந்து வாயில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பெரட்டுக்குக் கிளம்பும் முன் ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. அது புண்ணானது. "உடம்புச் சூடு" என்று சொல்லிக்கொண்டு நான்கு மாதத்தை ஓட்டிவிட்டார். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, சதைப் பரிசோதனை, புற்றுநோய் என்ற சொல்.

இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படுவது இந்தியர்களிடம்தான். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயைத் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் தரும் என்று 2004-இல் வெளியிட்டது. "நான் வெறும் பாக்குதானே போடுறேன்" என்கிற தாய்மார்கள் இந்த இரண்டாவது செய்தியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பின் கதிர் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 முறை. பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் போய் வந்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்க வெந்து போயிற்று. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர். கஞ்சி இறங்கவில்லை, மைலோ இறங்கவில்லை. 52 கிலோ இருந்தவர் 46 கிலோவுக்கு வந்துவிட்டார். டாக்டர் குழாய் போட வேண்டும் என்றார்.

"வேணாம் தம்பி. டியூப் போட்ட ஆளு எந்திரிச்சு வந்து நான் பாத்ததே இல்ல. என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

அக்கா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் நாம் குழாயோடு பார்த்தவர்கள் பெரும்பாலும் பக்கவாதத்தில் படுத்த கிழவர்கள், கடைசிக் கட்டத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆனால் அக்காவுக்குப் போடச் சொன்ன குழாய் வேறு காரியத்துக்கு. அதை ஒரு தமிழ் மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்து மாட்டுகிறார்கள். ஆள் இளைத்தால் முகம் சுருங்கும், முகமூடி தொளதொளக்கும், கதிர் விழ வேண்டிய இடத்தின் கணக்கு தப்பும். மறுபடி அளவெடுக்க வேண்டி வரலாம். உடம்பு தாங்காமல் சிகிச்சையை நடுவில் நிறுத்தினாலோ நோய்க்குத்தான் லாபம். "சாப்பாடும் மருந்துதான் அக்கா. வாயி புண்ணாயிருக்கிற வரைக்கும் வேற பாதையில போவுது, அவ்வளவுதான்" என்றார் அந்த மிஸ்ஸி. அக்கா பதில் பேசவில்லை. மறுநாள் காலை குழாய்க்குச் சம்மதித்தார்.

மூக்கு வழியாகப் போடுவதை ஆஸ்பத்திரியில் ரைல்ஸ் டியூப் என்பார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றுத் தோலில் சிறு துளை போட்டு நேராக இரைப்பைக்குள் வைக்கும் இன்னொரு வகை உண்டு. இது 1980-லிருந்து வழக்கத்தில் உள்ளது. சட்டைக்குள் மறைந்துவிடும், முகத்தில் ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு மூக்கில்தான்.

சிகிச்சை முடிந்து தோட்டத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. கதிர் நின்றாலும் வாய்ப்புண் உடனே ஆறுவதில்லை, இன்னும் சில வாரம் பிடிக்கும். பட்டணத்தில் பக்கத்திலேயே ஆள் இருந்தது. தோட்டத்திலோ மகன் விடிவதற்குள் பழம் வெட்டப் போகிறான், மருமகள் பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் வேலை. காலை 6 மணியிலிருந்து மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணி வரை ஆறு வேளை, வேளைக்கு 250 மில்லி பால் இறங்க வேண்டும். ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் யார் ஊற்றுவது? பக்கத்து வீட்டு அம்மாதான் கை கொடுத்தார். இன்றைக்கும் லயத்து வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி இருப்பது பெரிய காரியம். பத்து நாளில் அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தானே ஊற்றிக்கொள்ளப் பழகிவிட்டார்.

செய்முறை கஷ்டமில்லை, ஆனால் அவசரம் ஆகாது. ஆளை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். குழாயில் மூக்கு ஓரத்தில் போட்ட அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வயிற்று நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாளில் தொட்டுப் புளிப்புத் தன்மையைப் பார்ப்பதும் உண்டு. காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது பழைய முறை, அதை நம்பக் கூடாது என்கிறார்கள். பிறகு 30 மில்லி தண்ணீர், பால், மறுபடியும் 30 மில்லி தண்ணீர். பாலை சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தால் தானே இறங்கும். கட்டையால் அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பால்மாவு விலை கையைக் கடித்தது. "பச்சரிசிக் கஞ்சி நல்லதுதானே" என்று மருமகள் அரைத்து ஊற்றினாள். நாலு வாய்க்குள் குழாய் அடைத்துக்கொண்டது. மகன் மெல்லிய கம்பி எடுத்து வந்தான். நல்லவேளை, நான் தடுத்தேன். கம்பி குழாயைக் கிழித்து உள்ளே குத்திவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் வைத்து மெதுவாகத் தள்ளியும் இழுத்தும் பார்த்தோம், அசையவில்லை. மழையில் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயை மாற்றி வந்தோம். மிச்சம் பிடித்த பால்மாவுக் காசு வேன் வாடகையில் போயிற்று. வீட்டுச் சாப்பாட்டை அரைத்து ஊற்ற விரும்பினால் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாத்திரையும் அப்படியே. சிலவற்றைப் பொடித்துக் கரைக்கலாம், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. மருந்துக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறு. சாயங்காலம் வீட்டில் நெத்திலி சம்பல் வதக்கும் வாசனை வரும். அக்கா எழுந்து பின்பக்கம் போய்விடுவார். வயிறு நிறைந்திருக்கும், வாய்க்குத்தான் பசி. பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பயந்தது. கோயில் திருவிழாவுக்கு வர மறுத்தார். "பசியாறியாச்சா?" என்று வாசலில் யாராவது கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மருமகள் அக்காவுக்காகச் சமையலையே குறைக்கப் பார்த்தாள். அக்கா திட்டினார்: "புள்ளைங்க வவுத்த ஏன் காயப்போடுற? ஆக்கு. நான் மோந்து பாத்துக்கிறேன்."

குழாய் இருக்கிறதே என்று வாயைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பதுதான் எங்களுக்கு யாரும் முதலில் அழுத்திச் சொல்லாத சேதி. விழுங்கும் தசை வேலை செய்யாமல் கிடந்தால் பிறகு வேலை செய்ய மறந்துவிடும். டாக்டரும் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுப்பவரும் ஆபத்தில்லை என்று சொன்ன அளவுக்கு, வலி மருந்து போட்டுக்கொண்டு, தினமும் சில மடக்குத் தண்ணீர் விழுங்க வேண்டும். தாடை இறுகாமலிருக்க வாயைத் திறந்து மூடும் பயிற்சி வேண்டும். உப்பும் சோடா மாவும் கரைத்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். அக்கா ஒரு வாரம் சோம்பேறித்தனம் பண்ணினார். வாய் மூன்று விரலிலிருந்து இரண்டு விரலாகக் குறுகிவிட்டது. அதைத் திரும்பப் பெற இன்றுவரை ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துப் போராடுகிறார்.

வேலை செய்ய முடியாமல் போனவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சொக்சோ கட்டியவர்களுக்கு 60 வயதுக்கு முன் இயலாமைப் பென்ஷனுக்கு மனுப் போட வழியுண்டு. கடும் நோய்க்கான மருத்துவச் செலவுக்கு சேமநிதியிலிருந்தும் பணம் எடுக்கலாம். அலைய வேண்டியிருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர், பிறகு நீர்த்த கஞ்சி, பிறகு அவித்த முட்டையைப் பாலில் மசித்து, அப்படியே முன்னேறினார். வயிற்றுக் குழாய் பற்றிப் பேச்சு எழுந்த சமயத்தில் அது தேவைப்படாமலே போயிற்று. வாய்ச் சாப்பாட்டிலேயே எடை குறையாமல் நிற்கிறது என்று இரண்டு வாரம் பார்த்த பிறகு குழாயை எடுத்தார்கள். மொத்தம் ஏழு வாரம். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று மாலை அக்கா கேட்டது ரசம். ஒரு கரண்டி வாயில் விட்டார், முகம் சுளித்தார். "மண்ணு மாதிரி இருக்கு" என்றார். நாக்குக்கு ருசி திரும்ப மாதக் கணக்கில் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டுத்தான் கீழே வைத்தார்.

இப்போது சாயங்காலத்தில் லயத்துப் பெண்கள் அக்கா வீட்டு வாசலில்தான் கூடுகிறார்கள். யாராவது மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தால் அக்கா அதைப் பிடுங்குவதில்லை, திட்டுவதுமில்லை. உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்து வருவார்.

"போடு, போடு. போடறதுக்கு முன்னால வாயத் தொறந்து காட்டு, பாக்கலாம்."