மேகமலையில் மீடியா கார்!

முன்னால் போகும் வண்டியின் டிக்கி அகலத் திறந்திருக்கிறது. அதற்குள் இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர், பின்னால் வரும் புத்தம்புது காரைப் பார்த்து, “கிட்ட வாங்க… இன்னும் கிட்ட!” என்று கையாட்டுகிறார். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் பாதை. 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். கார் டெஸ்ட் பண்ண வந்த பத்திரிகைக் குழுவோடு தொற்றிக்கொண்டு இங்கே ஏறுவது இருக்கிறதே, அடடா!

பளபளவென்று அச்சாகும் ஒரே ஒரு படத்துக்காக ஒரே வளைவில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறார்கள். மேகம் விலகினால் இரவங்கலாறு பஸ் வருகிறது. பஸ் போனால் மேகம் வந்துவிடுகிறது. நடுவில் ஒருவர் வாளியும் துணியுமாக ஓடிவந்து டயர் சேற்றைத் துடைக்கிறார்.

படத்தைவிட எனக்குப் பிடித்தது ஓட்டுகிறவரின் காதுதான். செகண்ட் கியரில் வளைவை விட்டு வரும்போது புல்லிங் இருக்கிறதா? இறங்கும்போது பிரேக் சூடேறி பெடல் இளகுகிறதா? பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டுகிறதா? எல்லாம் நோட்டில் ஏறுகிறது. மைலேஜ் பார்க்க, பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பிக் கிளம்பி, திரும்பிவந்து அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுகிறார்கள். இத்தனையும் எழுதிவிட்டு, கம்பெனி குறித்த நாளும் மணியும் வரும்வரை மூச்சுவிடக் கூடாது. அதுதான் எம்பார்கோ!

இப்படி மலையும் மழையுமாக ஓட்டிப் பழகியவர்கள்தான் ‘இந்தியன் கார் ஆஃப் தி இயர்’ நடுவர்கள். மற்ற நாளெல்லாம் போட்டி போடும் பத்திரிகைகளின் ஆட்கள் ஒன்றாகக் கூடி கார்களை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதே எனக்குச் சிலிர்ப்பு! விலை, மைலேஜ், பாதுகாப்பு, நம் சாலைக்கு ஒத்துவருமா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். 2006-ல் முதல் விருது மாருதி ஸ்விஃப்ட்டுக்கு. 2025-க்கு மஹிந்திரா தார் ராக்ஸ்.

வெளிநாட்டில் இது இன்னும் பழைய கதை. பிரிட்டனில் மோட்டார் எழுத்தாளர்களுக்கு 1944-லேயே ‘கில்டு’ என்ற சங்கம் வந்துவிட்டது. 1964-ல் தொடங்கிய ஐரோப்பிய ‘கார் ஆஃப் தி இயர்’ விருதில் ஒவ்வொரு நடுவருக்கும் 25 புள்ளி. ஒரே காருக்கு 10-க்கு மேல் தரமுடியாது. எந்தக் காருக்கு எவ்வளவு, ஏன் என்று பெயர் போட்டு வெளியிடவும் வேண்டும். வாசகனை மதிப்பது என்றால் இதுதான்!

நம் ஊர் நடுவர்களே, ரேஸ் டிராக்கில் தாராளமாக ஓட்டுங்கள். அப்படியே ஒருமுறை எங்கள் தேனிப் பக்கமும் வாருங்கள். ஆளும் லக்கேஜுமாக நிறைந்த கார் மேகமலையில் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் புள்ளி போடுங்கள். ஆனால் நேரம் பார்த்து வாருங்கள்: 2021 முதல் மேகமலை புலிகள் காப்பகம். தென்பழனி சோதனைச் சாவடி காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6-க்குள் இறங்கிவிட வேண்டும்.