பிஞ்சுத் தோளை உதைக்காத துப்பாக்கி!

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் காடுகளுக்குள் ஒரு கூட்டம் கிளம்பும். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட அப்பாக்கள், தாத்தாக்கள். கையில் சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய பாணித் துப்பாக்கி. பக்கத்திலேயே குளிரில் மூக்கு சிவந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயது வாண்டுகள். மான் வேட்டை!

நமக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மானைச் சுட்டால் சிறைதான். அங்கே கதை வேறு. ஓநாயும் பூமாவும் ஒழிந்துபோன காடுகளில் வெள்ளைவால் மான்கள் பெருகி, பயிரையும் மரக்கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் அரசே நாள் குறித்து, உரிமம் கொடுத்து வேட்டைக்கு அனுமதிக்கிறது. சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு என்றே தனி சீசன், 1974 முதல் நடக்கிறது.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தை அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை கெட்டிக்க வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே குண்டு. தவறினால் மறுபடி கெட்டித்து முடிக்கும்வரை மான் நிற்குமா என்ன?

வாண்டுகளுக்குப் பிரச்னையே இங்கேதான். விசையை அழுத்தியதும் முதலில் கன்னத்துக்குப் பக்கத்தில் 'பளிச்' என்று ஒரு தீப்பொறி. கண நேரம் கழித்துத்தான் 'டமார்'. கூடவே தோளில் ஒரு உதை. முதல் நாளே பலமாக உதை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை பொறி பறந்ததுமே கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, குழலைத் தாழ்த்திவிடும். குண்டு மானின் நெஞ்சுக்குப் பதிலாகக் காலிலோ வயிற்றிலோ பாயும். அந்த மான் உடனே சாகாது. ரத்தம் சொட்டச் சொட்ட மைல் கணக்கில் ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்காகத் துடிக்கும். அதைப் பார்த்த பிள்ளை ராத்திரி தூங்குமா?

இதற்கு வழி, டாக்டர் குழந்தைக்கு சிரப் அளந்து கொடுப்பதுபோல மருந்தை அளந்து குறைப்பதுதான். தோட்டா என்றால் ஆலையில் அடைத்து வந்ததுதான் கணக்கு. இதில் அளவு நம் கையில்.

பெரியவர்கள் அரை அங்குலக் குழலுக்கு 90, 100 கிரெய்ன் என்று கொட்டுவார்கள். 100 கிரெய்ன் என்பது ஆறரை கிராம். குண்டின் எடையோ சுமார் பதினொன்றரை கிராம்தான். சுட்டதும் குண்டு மட்டுமா வெளியே போகிறது? மருந்தும் புகையாகவும் கரியாகவும் குண்டைவிட வேகமாகச் சீறிப் போகிறது. அதற்கும் சேர்த்துத்தான் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. மருந்தை 60 கிரெய்னாக, அதாவது நாலு கிராமாகக் குறைத்தால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ பாதியாகிவிடும். குண்டின் வேகம் குறைவதோ ஐந்தில் ஒரு பங்கு போலத்தான். உருண்டைக் குண்டுக்குக் காற்றைக் கிழிக்கத் தெரியாது. எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு சீக்கிரம் தளரும். 50 கஜம் போவதற்குள் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும்.

'மருந்து கூடினால் மான் சீக்கிரம் விழும்' என்று நினைக்கிற அப்பாக்கள் அங்கேயும் உண்டு. (எந்த ஊரில்தான் இல்லை!) ஆனால், மானை விழவைப்பது குண்டு பாயும் இடம்தான்.

குறைத்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. தூரம். 50 கஜத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய கொம்பன் நின்றாலும் பிள்ளை சுடக் கூடாது. இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். காட்டில் மானைப் பார்த்த பிறகு பேசினால், முதலில் மனசு மாறுவது அப்பாவுக்குத்தான்!

எவ்வளவு குறைக்கலாம்? துப்பாக்கியோடு வரும் கையேடு சொல்வதுதான் முடிவு. மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். விர்ஜீனியாவில் மானுக்கு 50 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. கரிமருந்துக்குப் பதிலாக டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்து என்றால் அதற்கு வீரியம் அதிகம், அளவை இன்னும் குறைக்க வேண்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. குழல் வெடித்துவிடும்.

இன்னொன்று. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலும் குழலுக்கு ஆபத்து. அதனால் குண்டு அடிவரை இறங்கியதற்கு அடையாளமாகக் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். மருந்தைக் குறைத்தால் குண்டு இன்னும் ஆழத்தில் உட்காரும். பழைய கோட்டை நம்பிப் பாதியில் நிறுத்திவிடாமல், புதுக் கோடு போட்டாக வேண்டும்.

மருந்தை மட்டும் குறைத்தால் போதாது. அப்பாவின் துப்பாக்கிக் கட்டை பிள்ளைக்கு நீளமாக இருக்கும். தோள் குழியில் உட்காராமல் கையின் மேல் இடித்து நீலம் பூத்துவிடும். கட்டையைக் குட்டையாக்கி, பின்னால் ரப்பர் பட்டை வைக்க வேண்டும். பாதி பயம் சத்தத்தால் வருவது, அதற்குக் காதடைப்பான்.

பயம் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன தந்திரம் இருக்கிறது. பயிற்சித் திடலில், வெறும் துப்பாக்கியைக் கெட்டித்தது என்று சொல்லிப் பிள்ளை கையில் கொடுத்து, இலக்கைப் பார்த்து விசையை அழுத்தச் சொல்கிறார்கள். 'க்ளிக்' சத்தத்தோடு குழல் நுனி சடாரென்று தாழ்ந்தால் பயம் இன்னும் உள்ளே இருக்கிறது. இன்னொரு பத்து கிரெய்ன் குறைத்துப் பார்ப்பார்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த டிசம்பர்.