பழைய டிரக்குக்கு எந்தக் கியர்ப் பெட்டி?

1970களில் செய்த செவ்ரோலே நான்கு சக்கர உந்து டிரக்குகளுள் இன்றும் அமெரிக்கப் பண்ணைகளில் உழைப்பவை உண்டு. தானியங்கிக் கியர்ப் பெட்டி தேய்ந்துபோனால், கையால் மாற்றும் பெட்டியைப் பொருத்துவோர் பலர். எதைத் தேர்வது? அறுவடை நாளில் வண்டி நின்றால் நஷ்டம் யாருக்கென்று அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1968 முதல் 1991 வரை செய்த எஸ்.எம். 465, நான்கு கியர் கொண்ட வார்ப்பிரும்புப் பெட்டி. முதல் கியரில் எஞ்சின் 6.55 சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு ஒரு சுற்றே சுற்றும். பாரத்தோடு சேற்றில் ஊர்வதற்கு மிக ஏற்றது. நெடுஞ்சாலையிலோ எஞ்சின் ஓலமிடும். 1990களில் வந்த என்.வி. 4500க்கு ஐந்து கியர்கள். பெரும்பாலானவற்றில் முதல் கியர் 5.61, ஐந்தாவது 0.73. நான்காவதில் நிமிஷத்துக்கு 2,800 சுற்றுச் சுழலும் எஞ்சினுக்கு ஐந்தாவதில் அதே வேகத்தில் ஏறக்குறைய 2,040 போதும்.

பெட்டியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. கிளட்ச் மிதி, முன் பின் அச்சுகளுக்கு விசை பகிரும் பெட்டியோடு இணைக்கும் அடாப்டர், நீளம் திருத்திய புரொப்பல்லர் ஷாப்ட் ஆகியனவும் வேண்டும். வயலை விட்டகலாத வண்டிக்கு முன்னதே போதுமென்பது எமது கருத்து. தொலைதூரச் சந்தைக்கு ஓடுவதாயின் பின்னதற்குக் கூடுதலாய்க் கொடுப்பது வீணன்று. பழைய பெட்டியாயின் வாங்குமுன் எண்ணெயை வடித்துப் பார்த்தல் வேண்டும். பித்தளைத் துகள் மிகுதியாய் மின்னினால் உள்ளிருக்கும் வளையங்கள் தேய்ந்துள்ளன.