ஹைட்டியின் புரட்சியும் அதன் வாக்குறுதியும்

1804 ஜனவரி 1 அன்று, பிரெஞ்சுப் படையை முறியடித்த ஹைட்டி மக்கள் தம் நாட்டின் விடுதலையை அறிவித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாயிருந்தோர். அப்புரட்சியின் வாக்குறுதி நிறைவேறிற்றா? இதற்கு விடை காண, இரண்டு காரியங்களைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது, எவரும் எவருக்கும் அடிமையல்லர் என்பது. 1805ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அடிமைமுறையை என்றென்றைக்குமாக ஒழித்தது. இவ்வாக்கு நிலைத்தது.

இரண்டாவது, உழைப்பவன் தன் உழைப்புக்குத் தானே உரியவன் என்பது. இதனை அரசு காக்கவில்லை. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் எஜமானருக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்கு கோரியது. குடியரசுத் தலைவர் புவாயே இணங்கினார். 1826இல் அவர் பிறப்பித்த கிராமச் சட்டம், உழவர் அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டு அகலாதபடி தடுத்தது. ஆயினும் உழவர் பலர் அதற்கு உட்படாமல், சிறுநிலங்களில் தமக்கெனப் பயிரிட்டனர்.

ஆகவே, அரசு கைவிட்டதை மக்களே ஓரளவு காத்தனர் எனலாம். புரட்சியை மதிப்பிடுவோர் அரண்மனையை மட்டுமன்று, வயலையும் நோக்குதல் வேண்டும்.