பரண்ல கிடைச்ச ரெக்கார்டு யாரோடது?

தீபத்துக்கு வீடு சுத்தம் பண்றப்போ பரண்ல ஒரு பழைய இசைத்தட்டு கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. லேபிள்ல தெரிஞ்ச கம்பெனி பேர் இல்லை, வருஷம் இல்லை. பாடினவர் பேரை கூகுள்ல போட்டாலும் ஒண்ணும் வரலை. பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பாடகரோ ஒரு சபையோ சொந்தக் காசு போட்டு, சில நூறு தட்டுகள் மட்டும் அச்சடித்து வாங்குவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். லேபிளில் இருக்கும் கம்பெனி பெயர் பல சமயம் அவர்களே வைத்ததுதான். அதைத் தேடினால் முட்டுச்சந்து. தேட வேண்டியது, தட்டை அச்சடித்த ஆலையை. பாட்டு யார் வேணா பாடலாம், அச்சு இயந்திரம் சில பேரிடம்தானே இருந்தது! இந்தியாவில் முக்கியமான ஆலை, கிராமபோன் கம்பெனி 1928-இல் கல்கத்தா டம்டமில் தொடங்கியது.

எண்ணைப் பாருங்க

லேபிளுக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒரு வெற்று வளையம் இருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் எண் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். மூல அச்சில் பொறித்தது, அதிலிருந்து வரும் எல்லாத் தட்டிலும் விழும். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியாட்களுக்கு அச்சடித்த தட்டுகளில், இந்த எண்ணின் முதல் எழுத்தே வருஷத்தைச் சொல்லிவிடும். அப்படிக் குறியீடு இல்லையா? முன்னும் பின்னும் உள்ள எண்களுக்குத் தேதி தெரிந்தால், நடுவில் இருப்பதைக் கணிக்கலாம். நாம மேத்ஸ்ல படிச்ச இன்டர்போலேஷன்தான்!

கடைசி வரை கேளுங்க

1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். அச்சடித்தது ஜெர்மனியில். அங்கிருந்தவர்களுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே!

இதனால என்ன லாபம்?

ரூபா பிஸ்வாஸ் என்ற வங்காளப் பாடகி கனடாவில் பதிவு செய்த 'டிஸ்கோ ஜாஸ்' 1982-இல் வந்தது, விற்கவில்லை. பல வருஷம் கழித்து அந்தத் தட்டை வெளிநாட்டு ரசிகர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். பாடியவருக்கே அது தெரியாது, மகன் இணையத்தில் பார்த்துச் சொல்லும் வரை. 2019-இல் சிகாகோவின் நியூமெரோ குரூப் முறைப்படி மறுவெளியீடு செய்தது. ஆளைக் கண்டுபிடித்தால்தான் பேரும் பணமும் உரியவருக்குப் போகும்.

கவனம்

78 வேகத் தட்டு அரக்கில் செய்தது. கீழே விழுந்தா போச்சு. ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைச்சா அரக்கு கரைஞ்சிடும். எல்.பி. ஊசியையும் வைக்காதீங்க, 78-இன் பள்ளம் அகலமானது.

முதல்ல லேபிளையும் எண்ணையும் போட்டோ எடுங்க. அப்புறம் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க. சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும், மும்பையில் உள்ள இந்திய இசைத்தட்டு சேகரிப்போர் சங்கத்திடமும் கேட்கலாம். வீட்டுப் பெரியவங்ககிட்டயும் இன்னிக்கே கேட்டு வையுங்க. எந்த எண்ணும் சொல்லாத பேரை அவங்க சொல்லலாம்.